2827433388233: இரண்டு ரூபாய் இடிக்கும் கணக்கு

தக்கலை வாசகர், 3.8.2024

கணக்கறிஞர் மாதவன் சொன்ன எண் 2827433388233. ஒன்பது நிகர்வம் விட்டமுள்ள வட்டத்துக்கு இதுதான் சுற்றளவு. நிகர்வம் என்றால் 1க்குப் பின்னால் 11 பூஜ்யம். வகுத்துப் பாருங்கள், பை (π) அப்படியே வரும். அறுநூறு வருடத்துக்கு முன்னால் நம்ம திருவிதாங்கூர்க்காரன் போட்ட கணக்கு, இம்மி குறை கிடையாது. விட்டம் ஏன் ஒன்பது என்றால் நவகிரகம். மறுக்கிறவர்கள் கணக்கோடு வாங்க.

3.8.2024, இரவு

வந்தாச்சு. நான் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற ஒரு கடையில் கணக்கெழுதுகிறவன். கடை கால்குலேட்டரில் வகுத்தேன், 3.14159265358 என்று வந்தது. பை மதிப்பும் அதேதான். தக்கலைத் தம்பி சொல்வது சரி. கிரகத்தை நான் தொடவில்லை.

4.8.2024

நேற்று எழுதியது தப்பு. காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. கடை கால்குலேட்டரில் 12 இலக்கம்தான் ஏறும், மாதவன் எண்ணுக்கு 13 இலக்கம். கடைசி 3ஐ அது வாங்கவே இல்லை. நான் வகுத்தது 282743338823ஐ. விட்டத்திலும் ஒரு பூஜ்யத்தைக் குறைத்துப் போட்டிருந்ததால் எதுவும் கண்ணில் படவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெழுதுகிறேன், முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பழைய நோட்டின் பின்பக்கத்தில் கையாலேயே வகுத்தேன். 3.14159265359222 என்று வருகிறது. உண்மையான பை 3.14159265358979. பத்தாவது தசம இடம் வரை ஒன்றாகவே போகிறது, பதினோராவதில் முழுமையாக்கினால் இரண்டும் ஒன்று. அதற்கப்புறம் மாதவன் எண் கொஞ்சம் கூடி நிற்கிறது.

எவ்வளவு கூடுதல்? ஒன்பது நிகர்வத்தைப் பையால் பெருக்கினால் 2827433388230.81. மாதவன் சொல்வது 233இல் முடிகிறது. வித்தியாசம் 2.19.

இதை எனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். 2,82,743 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் புரண்ட ஒரு பேரேட்டில் கடைசியில் 2 ரூபாய் 19 காசு இடிக்கிறது. எங்கள் கடையில் சாயங்காலம் கல்லா எண்ணினால் தினம் அதைவிடக் கூட இடிக்கும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று வைத்தால், இந்தப் பிசகு 0.03 மில்லிமீட்டர். தலைமுடி கூட அதைவிடத் தடிமன்.

ஆனாலும் இடிக்கிறது என்றால் இடிக்கிறதுதான். 'இம்மி குறை கிடையாது' என்ற வார்த்தையைத் தம்பி வாபஸ் வாங்க வேண்டும்.

4.8.2024, மதியம்

இன்னொன்று. திருவிதாங்கூர்க்காரன் இல்லை. மாதவனின் ஊர் சங்கமக்கிராமம். திருச்சூர் பக்கத்து இரிஞ்ஞாலக்குடாதான் அது என்பார்கள். காலம் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை. பத்மநாபபுரத்தில் கோட்டை இருக்கிறது என்பதற்காக எல்லாரையும் நம்ம ஆள் ஆக்கிவிட முடியாது மக்கா.

6.8.2024

மழை. ஷீட் ஒன்றும் வரவில்லை, பால் வெட்டினால்தானே. உட்கார்ந்து, மாதவன் இந்த எண்ணைச் சொன்ன செய்யுளைப் பிரித்தேன். எண்ணை அவர் இலக்கமாகச் சொல்லவில்லை, பொருள்களாகச் சொல்லியிருக்கிறார்: விபுத, நேத்ர, கஜ, அஹி, ஹுதாசன, த்ரி, குண, வேத, ப, வாரண, பாஹு.

தமிழில் சொன்னால் தேவர், கண், யானை, பாம்பு, தீ, மூன்று, குணம், மறை, நட்சத்திரம், யானை, கை. நமக்கு இது அந்நியமே இல்லை. முப்பத்துமூவர், எண்திசை யானை, முத்தீ, முக்குணம், நான்மறை, இருபத்தேழு நட்சத்திரம் என்று வழிவழியாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். பாம்புக்கும் எட்டுதான். ஆக 33, 2, 8, 8, 3, 3, 3, 4, 27, 8, 2. இதைக் கடைசியிலிருந்து முன்னால் எழுதிக்கொண்டு வர வேண்டும், கை முதலில், தேவர் கடைசியில். 2, 8, 27, 4, 3, 3, 3, 8, 8, 2, 33. வந்தது எண்.

செல்போன் நம்பரையே நினைவில் வைக்க முடியாத எனக்கு இது இப்போது தூக்கத்திலும் வருகிறது. கை, யானை, நட்சத்திரம், மறை, குணம், மூன்று, தீ, பாம்பு, யானை, கண், தேவர். இடையில் அந்த 'மூன்று' மட்டும்தான் வேஷம் கட்டாமல் எண்ணாகவே வந்து நிற்கிறது. பாவம்.

7.8.2024

யோசித்தால் வேடிக்கை. யானையும் பாம்பும் இடம் மாறினாலும் எண் மாறாது, இரண்டும் 8. தீ, மூன்று, குணம் எப்படி மாறினாலும் 3தான். கண்ணும் கையும் 2. மூன்று எட்டுகளை 6 விதமாக அடுக்கலாம், மூன்று மூன்றுகளை 6 விதமாக, இரண்டு இரண்டுகளை 2 விதமாக. 6 × 6 × 2 = 72. பாடம் மறந்த பிள்ளை வார்த்தையை மாற்றிச் சொன்னாலும் 72 விதத்தில் தப்பித்துக்கொள்ளும்.

யாப்பு இடிக்கும், தெரியும். நான் எண்ணை மட்டும்தான் சொல்கிறேன்.

10.8.2024

தம்பி ஒரு பள்ளி ஆண்டுவிழா மலரின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார். அதில் 2827433388223 என்று அச்சாகியிருக்கிறது. எது சரி என்று கேட்கிறார்.

மலர் தப்பு. இதற்குச் செய்யுளைத் தேட வேண்டாம், ஒன்பது தள்ளிப் பார்த்தாலே போதும். மாதவன் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 56, ஒன்பதுகளைத் தள்ளினால் மீதி 2. மலரில் உள்ளதைக் கூட்டினால் 55, மீதி 1. எங்கேயோ ஓர் இலக்கம் கெட்டிருக்கிறது.

ஆனால் இலக்கம் இடம் மாறினால் ஒன்பதுக்குக் கண் தெரியாது. அதை வேறு விதமாகப் பிடிப்போம். போன மாதம் குறிப்பேட்டுக்கும் சிட்டைக்கும் 36 கிலோ இடித்தது. 36 ஒன்பதால் வகுபடும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எவனோ இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறான் என்று எனக்கு முதலில் கணக்குச் சொல்லித் தந்தவர் அடிக்கடி சொல்வார். தேடினேன். 48 கிலோ ஒட்டுப்பாலை 84 என்று எழுதியிருந்தது. எழுதினது நான்தான்.

11.8.2024

அருமனை அக்கா என்னைப் பிடித்துவிட்டார். 72 இல்லையாம். முப்பத்துமூவரை மறந்துவிட்டாயே என்கிறார்.

சரிதான். நடுவில் 333 என்று மூன்று மூன்றுகள் சேர்ந்து நிற்கின்றன. தேவர்களைக் கடைசியிலிருந்து எடுத்து அந்த 333இன் முதல் இரண்டு இடத்தில் உட்கார வைக்கலாம், பின் இரண்டு இடத்திலும் வைக்கலாம். தீ, மூன்று, குணம் இவற்றில் இரண்டு கடைசிக்குப் போய்விடும். எண் அப்படியே இருக்கும். ஆக தேவர்களுக்கு 3 இடம். 72 × 3 = 216.

216 என்பது 6 × 6 × 6. இந்தக் கனம் தானாக வந்து விழுந்தபோது ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அக்காவுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் கடன்.

17.8.2024, ஆவணி 1

இன்று கொல்லம் ஆண்டு 1200 பிறந்திருக்கிறது. 825இல் தொடங்கிய கணக்கு. புதிய நூற்றாண்டு இன்றா, அடுத்த ஆவணியிலா என்று டீக்கடையில் ஒரே சண்டை. 1200 முடிந்தால்தானே பன்னிரண்டு நூறு முடியும் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வடக்கே மலபாரில் கன்னி மாதத்தில்தான் ஆண்டே பிறக்கும் என்றதற்கு, டீ ஆறிப்போகும் குடி என்றார்கள்.

எங்கள் பாட்டா திருவிதாங்கூர்ப் பள்ளியில் மலையாளம் படித்தவர். 1956இல் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பிறகும் நாளைக் கொல்லம் ஆண்டில்தான் சொல்வார். அவருக்குக் கடபயாதி தெரியும். எழுத்துக்கு எண் வைப்பது: க, ட, ப, ய நான்கும் 1. அங்கிருந்து வரிசையாக 2, 3 என்று போகும். உயிரெழுத்துத் தனியே நின்றால் பூஜ்யம். கூட்டெழுத்தில் கடைசி மெய்க்குத்தான் மதிப்பு. இதிலும் பின்னாலிருந்துதான் முன்னால் வர வேண்டும். சின்ன வயதில் என் பெயருக்கு எண் சொல்லச் சொல்லி அவர் மடியில் கிடப்பேன்.

தமிழில் இதைச் செய்ய முயன்று இன்று தோற்றேன். நம் எழுத்தில் ஒரே 'க'தான். கடபயாதியில் அது 1, 2, 3, 4 எதுவாகவும் இருக்கலாம். 'த' 6லிருந்து 9 வரை எதுவும். 'கணிதம்' என்று எழுதினால் ண மட்டும் 5 என்று உறுதி. க நான்கு விதம், த நான்கு விதம், மொத்தம் 16 எண். சரியானது 653, ஆனால் தமிழ் எழுத்தைப் பார்த்து அதைச் சொல்ல வழியில்லை. யானை, பாம்பு முறைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எந்தப் பாஷைக்குப் போனாலும் யானை எட்டுதான்.

கடபயாதியில் எழுதிய ஒரு பை 1819ஆம் ஆண்டு சத்ரத்னமாலை என்ற நூலில் இருக்கிறது, கடத்தநாட்டுச் சங்கரவர்மன் எழுதியது. 314159265358979324. பதினெட்டு இலக்கம், விட்டம் 1க்குப் பின் 17 பூஜ்யம். உண்மையில் 9793238 என்று போகும், அவர் அதைச் சரியாக மேலே தள்ளி 979324 என்று முடித்திருக்கிறார். அங்கே ஓர் இலக்கம்கூட இடிக்கவில்லை. தம்பிக்கு 'இம்மி குறை கிடையாது' என்று சொல்ல ஆசையாக இருந்தால் இதற்குச் சொல்லலாம்.

18.8.2024

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டேன். திரும்புகிறேன்.

25.8.2024

இது பகா எண்ணா என்று அக்கா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வகுத்தேன். 100க்குக் கீழே இருக்கிற 25 பகா எண்களில் ஒன்றும் இதை வகுக்கவில்லை. ஒரு விசித்திரம் மட்டும்: 2, 3, 7, 13, 53 இந்த ஐந்து எண்களில் எதனால் வகுத்தாலும் சரியாக ஒன்று குறைகிறது. இரண்டிரண்டாக அடுக்கினாலும் ஒன்று குறையும், மூன்று மூன்றாக அடுக்கினாலும் ஒன்று குறையும் என்று ஒரு முட்டைக்காரி கணக்கு உண்டே, அது மாதிரி. ஒரு முட்டை கூட வைத்து 2827433388234 ஆக்கினால் ஐந்தும் ஒன்றாக வகுக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை.

உண்மையான சுற்றளவு 2827433388230.81 என்றேன் இல்லையா. அதற்கு மிக அருகில் இருக்கிற முழு எண் 2827433388231. மாதவன் எண்ணுக்கு இரண்டு கீழே. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 54. ஒன்பதால் வகுபடும்! வகுத்தால் 314159265359.

பாருங்கள், அது பையேதான். மாதவனுக்கு 231 கிடைத்திருந்தால் ஒன்பது நிகர்வமே தேவைப்பட்டிருக்காது. விட்டம் ஒரு நிகர்வம், சுற்றளவு 314159265359 என்று ஒரு இலக்கம் குறைவாக, அழகாகச் சொல்லி முடித்திருக்கலாம். 233 ஒன்பதால் வகுபடாது, மீதி 2. அதனால் சுருக்க முடியவில்லை, ஒன்பது ஒன்பதாகவே நின்றுவிட்டது.

எனக்கு இது பிடித்திருக்கிறது. எங்கேயோ பார்த்து எழுதியவனுக்கு இந்த இரண்டு வந்திருக்காது. கணக்குப் போட்டவனுக்குத்தான் கடைசி இலக்கத்தில் இப்படி மண் ஒட்டும்.

25.8.2024, இரவு

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ. வேறொருவர் கணக்கைப் பார்த்து எழுதினாலும் அந்த மண்ணும் கூடவேதான் வரும். பாடலை மாதவன் பேரில் சொல்வது நீலகண்டர் முதலான பின்னால் வந்தவர்கள். மாதவன் கையால் எழுதின கணக்கு நம்மிடம் இல்லை.

1.9.2024

முதலாளி மகனின் லேப்டாப்பை வாங்கி எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். சுற்றளவு கண்டுபிடிக்க மாதவன் வழி தெரிந்ததுதான்: விட்டத்தின் வர்க்கத்தை 12ஆல் பெருக்கி மூலம் எடு. அதை மூன்றால் வகுத்து, வந்ததை மறுபடி மூன்றால் வகுத்துக்கொண்டே போ. ஒவ்வொன்றையும் முறையே 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்ணால் வகு. ஒன்றைக் கூட்டு, அடுத்ததைக் கழி. ஐரோப்பாவில் இதுவெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கே இருந்தது என்று விஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் எழுதிய கட்டுரை 1834இல் அச்சானது.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஒன்பது நிகர்வத்துக்கு அந்த மூலம் 3117691453623.98. கிட்டத்தட்ட முழு எண்! 624 என்று எடுத்துக்கொண்டால் 0.02தான் பிசகு. ஒரு நிகர்வத்துக்கு எடுத்தால் 0.78 என்று தொங்குகிறது. இரண்டுக்கு 0.55, மூன்றுக்கு 0.33, நான்குக்கு 0.10. ஒன்று முதல் ஒன்பது வரை முழு எண்ணுக்கு மிக நெருங்கி வருவது ஒன்பதுதான். பின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருபது தரம் வகுக்கப் போகிறவனுக்கு முதல் எண் முழுசாக இருந்தால் எவ்வளவு நிம்மதி. தம்பி, நவகிரகத்துக்குப் போட்டியாக ஒரு காரணம் வைத்திருக்கிறேன்.

அப்புறம் கூட்டிக்கொண்டே போனேன். 21 உறுப்பில் நிறுத்தினால் கடைசி மூன்று இலக்கம் 236.07. 22இல் நிறுத்தினால் 229.14. உண்மை 230.81. 233 இரண்டுக்கும் நடுவில். நடு என்றால் எவ்வளவு நடு? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன். 232.6. முழுசாக்கினால் 233.

கத்திவிட்டேன். முதலாளி உள்ளேயிருந்து வந்து என்னவென்று கேட்டார். ஷீட் விலை ஏறிவிட்டதோ என்று நினைத்திருக்கிறார்.

2.9.2024

ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில் முதலில், அப்புறம் சந்தேகத்தில்.

கடைசி உறுப்பில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது சோம்பேறி வேலை. மாதவன் வழி வந்த இதே ஆட்கள் 1 கழித்தல் மூன்றில் ஒன்று கூட்டல் ஐந்தில் ஒன்று என்று போகிற இன்னொரு வரிசைக்கு, நிறுத்துகிற இடத்தில் சேர்க்க மிக நுட்பமான திருத்தங்களை வைத்திருக்கிறார்கள். யுக்திபாஷையில் இருக்கிறது, 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதியது. அவ்வளவு தெரிந்தவர்கள் பாதியை எடுத்து முடித்துக்கொள்வார்களா? அந்த வழியில் போய்க்கூட 233ஐப் பிடித்திருக்கலாம். நான் விடையைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து வந்தவன். அப்படி வந்தால் எந்தக் கணக்கும் ஒத்துப்போகும். கல்லா இடிக்கிற நாளில் நானே அந்த மாதிரி எத்தனை 'இதரச் செலவு' எழுதியிருக்கிறேன்.

ஆகையால் 232.6 என் எக்செல்லின் விடை. மாதவன் தலையில் கட்டாதீர்கள். முதல் மூலம் முழு எண்ணுக்கு அருகில் வருவதும் தற்செயலாக இருக்கலாம். அதை மட்டும் கைவிட மனசு வரவில்லை.

8.9.2024

தம்பி எழுதியிருக்கிறார்: 'இம்மி குறை கிடையாது' வாபஸ், நவகிரகம் வாபஸ் இல்லை. சரி. ஒன்று கேட்கிறார், இனிமேல் பிள்ளைகளுக்கு 233ஐச் சொல்லிக்கொடுக்கவா 231ஐயா?

233ஐ. 231க்குப் பாட்டு இல்லை. அதோடு 31க்கு முழுசாக ஒரு பொருளும் எனக்குத் தோன்றவில்லை. நிலா, தீ, கண் என்று உடைத்துக்கொண்டு போக வேண்டும், முப்பத்துமூவர் கூட்டமாக வந்து இறங்குகிற கெத்து வராது.

15.9.2024, திருவோணம்

கடை இல்லை. சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்துவிட்டார்கள். தோவாளையிலிருந்து வாங்கிவந்த பூவில் மிச்சமானது திண்ணையில் வாடிக்கொண்டிருக்கிறது. நோட்டை எடுத்து, பகா எண்ணா என்ற வகுத்தலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

101ஆல் வகுத்தால் மீதி 51. 103ஆல் வகுத்தாலும் மீதி 51. பாயசம் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்து முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி போட்டேன். 51தான், இரண்டுக்கும்.

அடுத்தது 107.